சுவர் குடித்த சிகரெட்

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஆறு கடிதங்கள் ஒரே விஷயத்தைப் பற்றியவை. வீட்டுக்குள் சிகரெட் வாடை, பீடி வாடை. அதனால் எறும்பு, ஈயப் பாத்திரம், போர் தண்ணீர் உப்புக்கறை எல்லாவற்றையும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு இதையே எழுதுகிறேன்.

இந்த வாடையோடு நான் நிறைய மல்லுக்கட்டியிருக்கிறேன். தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் 14 அறை லாட்ஜ் ஒன்றை நானும் என் வீட்டுக்காரரும் 22 வருடம் நடத்தினோம். பட்டுக்கூடு அங்காடிக்கு வருகிறவர்கள், புளி வியாபாரிகள், ஒகேனக்கல் பார்த்துவிட்டுக் கடைசி பஸ்ஸை விட்டவர்கள் என்று தினம் ஆள் மாறும். காலையில் ஒருவர் காலி செய்த அறையைச் சாயங்காலம் இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டும். முதல் ஆள் விட்டுப் போன புகையில் அடுத்த ஆளைப் படுக்க வைக்க எனக்கு மனசு வராது. அங்கே கற்றதைத்தான் இங்கே சொல்கிறேன்.

கேள்வி: ஓசூரில் ஒரு மாடி வீட்டுக்குக் குடிவந்து இரண்டு மாதம் ஆகிறது. முன்பு இருந்தவர்கள் வீட்டுக்குள்ளேயே சிகரெட் பிடிப்பார்களாம். கதவைத் திறந்தாலே வாடை முகத்தில் அடிக்கிறது. சாம்பிராணி போட்டேன், ஊதுபத்தி ஏற்றினேன், ரூம் ஸ்ப்ரே மூன்று பாட்டில் தீர்ந்துவிட்டது. அரை மணி நேரம் நன்றாக இருக்கிறது, பிறகு பழையபடிதான். மழை நாளில் இன்னும் மோசம். எட்டு மாதக் குழந்தை தரையில் தவழ்கிறது. ஹவுஸ் ஓனர் 'ஒரு கோட்டிங் பெயிண்ட் அடிச்சா போயிடும்' என்கிறார். அடிக்கச் சொல்லலாமா?
— வாசகி, ஓசூர்

பதில்: அவசரப்பட்டு அடிக்க விடாதீர்கள் அம்மா. நான் அந்தத் தப்பைச் செய்தவள்.

எங்கள் லாட்ஜில் 9-ஆம் நம்பர் அறையில் ஒரு வியாபாரி மாதத்தில் பத்து நாள் தங்குவார். ஒன்று அணைவதற்குள் அடுத்ததைப் பற்ற வைப்பார். அவர் வருவது நின்ற பிறகும் அறை அவர் வாடையை விடவில்லை. கதவைத் திறந்து பார்த்தவர்கள் "வேற ரூம் இல்லீங்களா?" என்று திரும்பிவிடுவார்கள். ஆள் வைத்து டிஸ்டெம்பர் அடித்தோம். ஒரு மாதம் பளிச்சென்று இருந்தது. ஐப்பசி மழை பிடித்ததும் சுவரில் அங்கங்கே தேன் சொட்டு மாதிரி மஞ்சள் துளி கசிந்து நின்றது. தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. வாடையும் அதோடு திரும்பி வந்தது.

அடுத்து வந்த பெயிண்டர் வயசானவர். 9-ஐப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல், நாங்கள் இன்னும் பெயிண்ட் அடிக்காத 7-ஆம் அறைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடி இருந்த இடத்தில் மட்டும் கட்டம் போட்டது போல வெள்ளைச் சுவர். சுற்றிலும் பழைய பேப்பர் நிறம். "அம்மா, நீங்க அடிச்சது இந்த வெள்ளைங்க. மிச்சமெல்லாம் சிகரெட்டுங்க" என்றார். அத்தனை வருடம் தினமும் அந்த அறையைப் பெருக்கியிருக்கிறேன். சுவர் நிறம் மாறியது என் கண்ணுக்குத் தெரியவே இல்லை.

புகை என்பது வெறும் காற்று அல்ல. அதில் பொடிப்பொடியான தார்த் துளிகளும் நிகோடினும் இருக்கின்றன. புகை கலைந்ததும் இவை போய்விடுவதில்லை. சுவர், கூரை, ஃபேன் இறக்கை, ஸ்க்ரீன் துணி, மெத்தை, தூசி என்று எதில் பட்டாலும் ஒட்டிக்கொள்ளும். பிறகு வெயில் ஏறும்போதும் ஈரக்காற்று வரும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் காற்றில் விடும். மழை நாளில் உங்கள் வீட்டில் வாடை கூடுவது இதனால்தான். இதன் மேலேயே தண்ணீரில் கலக்கிற பெயிண்டை அடித்தால், அந்த ஈரத்தில் பழைய கறை இளகி மேலே ஏறிவிடும். ஸ்ப்ரே, ஊதுபத்தி எல்லாம் காற்றுக்கு வாசனை போடும். உங்கள் பிரச்சினை சுவரில் இருக்கிறது. சாம்பிராணியும் ஒரு புகைதான் அம்மா. அதுவும் அதே சுவரில் போய்த்தான் படியும். குழந்தை இருக்கிற வீட்டில் கொஞ்ச நாளைக்கு அதை விட்டுவிடுங்கள்.

குழந்தை தவழ்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் உங்கள் கடிதத்தை முதலில் எடுத்தேன். சுவரிலும் தரையிலும் படிந்த நிகோடின் சும்மா இருப்பதில்லை. கேஸ் அடுப்பு, வண்டிப்புகை இவற்றிலிருந்து காற்றில் கலக்கும் நைட்ரஸ் அமிலத்தோடு அது சேர்ந்து, புற்றுநோய் உண்டாக்கும் நைட்ரோசமைன் என்ற பொருளாகிறது என்று 2010-இல் அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் கண்டார்கள். அடுத்த வருடம் சான் டியாகோவில், புகைபிடிப்பவர்கள் காலி செய்த வீடுகளைச் சோதித்தார்கள். இரண்டு மாதம் காலியாகக் கிடந்து, சுத்தமும் செய்த பிறகு அந்த வீடுகளில் நிகோடின் இருந்தது. தவழ்கிற பிள்ளை தரையைத் தொட்ட கையை நேராக வாயில் வைக்கும். அதனால் இன்றைக்கே தொடங்குங்கள்.

முதலில் துணி. முன்பு இருந்தவர்கள் விட்டுப் போன ஸ்க்ரீன், மிதியடி, பாய் எதுவானாலும் வெளியேற்றுங்கள். அந்த ஸ்க்ரீன்களைத் துவைத்துப் பயன்படுத்தலாம் என்று ஆசைப்படாதீர்கள். ஸ்பாஞ்ச் மெத்தை ஏதாவது இருந்தால் அதையும் கழித்துவிடுங்கள். ஸ்பாஞ்சுக்குள் போன புகையை எடுக்க நான் பார்க்காத வைத்தியம் இல்லை, ஒன்றும் பலிக்கவில்லை.

பிறகு மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு ஃபேன் இறக்கை, டியூப்லைட் பட்டை, கதவு மேல் விளிம்பு, ஜன்னல் கம்பி, ஸ்விட்ச் போர்டின் மேல்புறம். இறக்கையின் மேல்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள், பழுப்பாக மெழுகு போல வரும். ஒவ்வொரு முறை ஃபேன் சுற்றும்போதும் வாடையை வீடெங்கும் அனுப்புவது அதுதான். ஏசி இருந்தால் ஃபில்டரைக் கழுவுவது போதாது. உள்ளே இருக்கும் காயிலையும் மெக்கானிக்கை வைத்துக் கழுவச் சொல்லுங்கள். ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை எடுக்காது, உள்ளே இருக்கிற காற்றையேதான் திரும்பத் திரும்பச் சுற்றும்.

இப்போது சுவர். ஈரத் துணியால் ஒரு மூலையில் தேய்த்துப் பாருங்கள். துணியில் வெள்ளையாக மாவு வந்தால் அது சுண்ணாம்பு அல்லது டிஸ்டெம்பர். கழுவினால் தாங்காது. லேசாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டு பட்டி பிளேடால் சுரண்டி எடுக்க வேண்டும். மாவு வராவிட்டால் எமல்ஷன், தைரியமாகக் கழுவலாம். ஐந்து லிட்டர் வெந்நீரில் ஒரு கைப்பிடி சலவை சோடாவும் கொஞ்சம் பாத்திரம் கழுவும் லிக்விடும் கலந்துகொள்ளுங்கள். கைக்கு ரப்பர் உறை கட்டாயம். அலுமினிய ஜன்னல் சட்டத்தில் சலவை சோடா படக்கூடாது, கறுத்துவிடும். பெயிண்ட் கடையில் கிலோ கணக்கில் விற்கும் பனியன் வேஸ்ட் இந்த வேலைக்கு நல்ல துணி.

சுவரைக் கீழிருந்து மேலாகக் கழுவுங்கள். எல்லோரும் மேலிருந்துதான் தொடங்குவோம். ஆனால் அழுக்குத் தண்ணீர் காய்ந்த சுவரில் ஓடினால் கோடு விழும், அந்தக் கோடு பிறகு போகாது. கீழ்ப்பகுதி முன்பே நனைந்திருந்தால் வழிகிற தண்ணீர் கறை பிடிக்காமல் ஓடிவிடும். இதுவும் அந்தப் பெயிண்டர் சொன்னதுதான். ஒருமுறை தேய்த்துத் துணியைப் பிழிந்தால் பக்கெட் தண்ணீர் டிக்காஷன் நிறத்துக்கு மாறும். மாற மாற ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் எடுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் ஒருமுறை. கடைசியாக, ஒரு பங்கு வினிகருக்கு நான்கு பங்கு வெந்நீர் கலந்து ஒருமுறை துடையுங்கள். நிகோடின் காரத்தன்மை உள்ளது, புளிப்பில் கரைந்து வந்துவிடும். 9-ஆம் அறைச் சுவருக்கு மூன்று தடவை தேவைப்பட்டது. கூரைக்கு நான்கு தடவை. புகை மேலே போய்த்தான் நிற்கும் என்பதால் கூரையில்தான் கறை அதிகம், ஆனால் அதை யாரும் கழுவுவதில்லை.

இரண்டு நாள் நன்றாகக் காயட்டும். அதன் பிறகு தண்ணீர் பிரைமர் வேண்டாம், ஆயில் பிரைமர்தான் அடிக்க வேண்டும் என்று பெயிண்டரிடம் உறுதியாகச் சொல்லுங்கள். மிச்சம் மீதி கறையை அது உள்ளேயே அடைத்துவிடும். அதற்கு மேல் எந்த எமல்ஷனும் அடிக்கலாம். ஆயில் பிரைமருக்குக் கடுமையான நெடி உண்டு. அந்த மூன்று நான்கு நாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுங்கள். ஹவுஸ் ஓனர் செலவுக்கு யோசித்தால், ஒரே ஒரு சுவரை மட்டும் கழுவிவிட்டு அந்தப் பக்கெட்டை அவரிடம் காட்டுங்கள்.

ஓசூர்க் குளிருக்கு ஜன்னலைச் சாத்தியே வைத்திருப்பீர்கள். இந்த ஒரு மாதம் காலையிலும் மாலையிலும் ஒரு மணி நேரம் திறந்துவிடுங்கள். ஒரு ஜன்னலில் டேபிள் ஃபேனை வெளியே பார்க்கத் திருப்பி வையுங்கள், எதிர்ப்பக்க ஜன்னலைத் திறந்து வையுங்கள். உள்ளே இருக்கிற காற்றை அது வெளியே தள்ளும். ஏர் பியூரிஃபையர் வாங்குவதாக இருந்தால், ஹெப்பா ஃபில்டர் தூசியைத்தான் பிடிக்கும். வாடைக்கு உள்ளே நிறைய கரி இருக்க வேண்டும். ஓசோன் மெஷின் வாடகைக்குக் கொண்டுவருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஓசோன் நுரையீரலைக் கெடுக்கும், சுவரில் இருக்கிற நிகோடினோடு சேர்ந்து புதிதாக வேறு எரிச்சல் பொருளை உண்டாக்கும்.

கேள்வி: என் மாமனாருக்கு 72 வயது. காலையில் காபியோடு தொடங்கினால் ஒரு நாளில் ஒரு கட்டு பீடி தீர்ந்துவிடும். மழையென்றால் நடுக்கூடம், இல்லாவிட்டால் திண்ணை. என் குழந்தைக்கு மூன்று மாதம், அடிக்கடி இருமுகிறது. அவர் பேரன் மேல் உயிரையே வைத்திருக்கிறார். வெளியே போய்ப் பிடியுங்கள் என்று சொன்னால் மனசு நொந்துபோவாரோ என்று பயமாக இருக்கிறது. என் வீட்டுக்காரரோ 'அப்பாகிட்ட நான் எப்படிச் சொல்றது' என்கிறார்.
— ஒரு மருமகள், பாலக்கோடு

பதில்: முதலில் இருமலுக்குக் குழந்தையை டாக்டரிடம் காட்டு கண்ணு. மூன்று மாதக் குழந்தையின் இருமலுக்குக் கைவைத்தியம் செய்துகொண்டு இருக்கக்கூடாது. வீட்டில் பீடி பிடிக்கிறவர் இருக்கிறார் என்பதையும் டாக்டரிடம் சொல். பீடி சின்னது, இலையில் சுற்றியது, சிகரெட் அளவு கெடுதல் இல்லை என்று நம் பக்கம் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது சரியில்லை. பீடியில் வருகிற தாரும் நிகோடினும் சிகரெட்டுக்குக் குறைந்தவை அல்ல. புகை இருக்கிற வீட்டில் கைக்குழந்தைக்கு இளைப்பு, நிமோனியா, காதில் சீழ் எல்லாம் அதிகம் வருகின்றன. தூக்கத்திலேயே உயிர் போகிற ஆபத்தும் கூடுகிறது. உன்னைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. மரியாதைக்குப் பயந்து பேசாமல் இருந்துவிடாதே என்பதற்காக எழுதுகிறேன்.

எங்கள் அப்பா நல்லம்பள்ளிப் பக்கம் விவசாயம் பார்த்தவர், சுருட்டுப் பிடிப்பார். என் தங்கை பிரசவத்துக்கு வந்தபோது அவராகவே திண்ணைக்குப் போய்விட்டார். நாங்களும் நிம்மதியாக இருந்தோம். திண்ணையில் பிடித்தால் வாசல் வழியாகக் காற்று அத்தனையையும் உள்ளே தள்ளும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அதைவிட ஒன்று உண்டு. சுருட்டை அணைத்துவிட்டு உள்ளே வந்து, பேத்தியை ஆசையாகத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொள்வார். தோளில் துண்டு. நாள் முழுக்கச் சுருட்டுப் புகையில் இருந்த துண்டு. குழந்தையின் கன்னமும் மூக்கும் அதன் மேல்தான் பதிந்து கிடக்கும். ஒருநாள் அந்தத் துண்டைத் துவைக்க எடுத்தபோது வந்த வீச்சத்தில் எனக்குக் குமட்டியது. குழந்தை தினமும் அதில் முகம் புதைத்துத் தூங்கியிருக்கிறது.

அதனால் உன் மாமனாரிடம் பீடியை விடச் சொல்லி ஆரம்பிக்காதே. இடத்தை மட்டும் மாற்று. உன் வீட்டுக்காரர் சொல்லத் தயங்கினால் நீயே சொல், பேரனைக் கையில் வைத்துக்கொண்டு சொல். "மாமா, பாப்பாவுக்கு இருமல் நிக்க மாட்டேங்குதுங்க. பீடிப் புகை ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாருங்க. உங்களுக்கு வேப்பமரத்தடியில கட்டில் போட்டுத் தரட்டுங்களா?" பேரன் மேல் உயிரை வைத்திருக்கிறவர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

சொல்லிவிட்டு, அந்த இடத்தை அவருக்கு நன்றாகச் செய்து கொடுக்க வேண்டும். இது முக்கியம். வாசலிலிருந்தும் ஜன்னலிலிருந்தும் நன்றாகத் தள்ளி, மழைக்கு மேலே ஒரு தகரமோ கீற்றோ போட்டு, கயிற்றுக் கட்டில், சொம்புத் தண்ணீர், துண்டு பீடி போட மணல் நிரப்பிய சட்டி, அவர் ரேடியோ கேட்பவராக இருந்தால் அதுவும். காலைக் காபியை நீயே அங்கே கொண்டுபோய்க் கொடு. விரட்டிவிட்டார்கள் என்று அவருக்குத் தோன்றக்கூடாது. பீடிக்கென்று ஒரு துண்டு அங்கேயே கொடியில் தொங்கட்டும். உள்ளே வரும்போது கை, வாய், முகம் கழுவி, வேறு துண்டு போட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் கழித்துப் பேரனைத் தூக்கலாம். கடைசி இழுப்புக்குப் பிறகும் சற்று நேரம் மூச்சில் புகை வந்துகொண்டிருக்கும்.

அவர் இடம் மாறிய பிறகு நடுக்கூடத்தைக் கழுவு. அதற்கு முன்னால் கழுவினால் உன் உழைப்பு வீண். ஓசூர் வாசகிக்கு எழுதியதெல்லாம் உனக்கும் பொருந்தும்.

கேள்வி: கிருஷ்ணகிரியில் டாக்ஸி ஓட்டுகிறேன். பழைய கார் ஒன்று வாங்கினேன். முந்தைய ஓனர் சிகரெட் பிடிப்பவர் போலிருக்கிறது. பெங்களூர் டிரிப் வருகிறவர்கள் மூக்கைப் பொத்துகிறார்கள். சில சமயம் பாசஞ்சர்களே உள்ளே பற்ற வைக்கிறார்கள். என்ன செய்வது?
— வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: டேஷ்போர்டு பெர்ஃப்யூமை முதலில் எடுத்துவிடுங்கள் தம்பி. வெயிலில் அது சூடாகிச் சிகரெட் வாடையோடு கலந்தால், ஓசூர் போய்ச் சேருவதற்குள் பின்னால் இருப்பவர்கள் வாந்தி எடுத்துவிடுவார்கள்.

பல கார்களில் டேஷ்போர்டில் கையுறைப் பெட்டிக்குப் பின்னால் ஏசி காற்று வருகிற ஃபில்டர் இருக்கும். அதைக் கழுவாமல் புதிதாக மாற்றுங்கள், கரி சேர்த்தது கிடைத்தால் அதையே போடுங்கள். ஆஷ்ட்ரேயைக் கழற்றி எடுத்துவிடுங்கள். சீட் கவரைக் கழற்றித் துவைத்து, சீட்டின் மேல் ஆப்பசோடாவை நன்றாகத் தூவி ராத்திரி முழுக்க விட்டு, காலையில் வேக்குவம் போடுங்கள். சீட்டுக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள், துண்டு சிகரெட் கிடக்கும். கண்ணாடிகளை உள்பக்கம் வினிகர் தண்ணீரால் துடையுங்கள். மேல்கூரைத் துணியில்தான் புகை அதிகம் இருக்கும். ஆனால் அதை ஊற வைத்தால் பசை விட்டுத் தொங்கிவிடும், ஈரம் பிழிந்த துணியால் ஒற்றி ஒற்றித்தான் எடுக்க வேண்டும். இத்தனையும் முடிந்த பிறகு ஏசியை வெளிக்காற்று எடுக்கும்படி வைத்து, கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஒரு அரை மணி நேரம் ஓட்டுங்கள்.

பாசஞ்சரிடம் தைரியமாகச் சொல்லுங்கள். 2003-ஆம் வருடத்துப் புகையிலைச் சட்டப்படி பொது வாகனமும் பொது இடம்தான். பிடித்தால் 200 ரூபாய் வரை அபராதம். 2008 அக்டோபர் 2 முதல் இதன் விதிகள் இறுக்கமாக வந்தபோது நாங்கள் லாட்ஜ் வாசலில் 60-க்கு 30 சென்டிமீட்டர் போர்டு எழுதி மாட்டினோம். 30 அறை உள்ள ஹோட்டலாக இருந்தால் புகைக்கத் தனி இடம் ஒதுக்கலாம், எங்களுக்கு 14 தானே. வியாபாரம் போய்விடும் என்று என் வீட்டுக்காரர் கவலைப்பட்டார். போகவில்லை. போர்டைப் பார்த்தவர்களில் முக்கால்வாசிப் பேர் தாங்களாகவே வாசலுக்குப் போய்ப் பிடித்தார்கள். உங்கள் காரிலும் முன்சீட்டுக்குப் பின்னால், உட்கார்ந்தவர் கண்ணுக்கு நேராக ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள்.

கேள்வி: பீரோவில் என் பட்டுப்புடவைகளும் அவர் சட்டைகளும் ஒன்றாக இருக்கின்றன. கல்யாணத்துக்கு எடுத்த கூறைப்புடவையில்கூட சிகரெட் வாடை. பட்டைத் துவைக்கவும் பயம்.
— வாசகி, அரூர்

பதில்: துவைக்க வேண்டாம். வினிகரும் பட்டுக்கு வேண்டாம். புடவையை முழுக்கப் பிரித்து, வெயில் படாத, காற்று ஓடுகிற இடத்தில் கொடியில் போடுங்கள். மாடிப்படி மேல் அறை இருந்தால் நல்லது. ஒரு நாள் போதாது, நான்கைந்து நாள் பகலில் போட்டு, சாயங்காலம் எடுத்து, வேறு மடிப்பில் மடித்து வையுங்கள். அப்படியும் போகாவிட்டால் டிரை கிளீனிங்குக்குக் கொடுங்கள், சிகரெட் வாடை என்பதைக் கடையில் சொல்லிக் கொடுங்கள். வாடை இருக்கும்போது இஸ்திரி போடாதீர்கள், சூட்டில் அது துணியோடு இறுகிவிடும்.

அவர் சட்டைகளை அந்தப் பீரோவிலிருந்து பிரிக்காமல் எது செய்தும் பயன் இல்லை. ஒருமுறை போட்டுக் கழற்றிய சட்டை மறுபடி பீரோவுக்குள் போகவே கூடாது. பருத்திச் சட்டைகளை அலசும் கடைசித் தண்ணீரில் அரை டம்ளர் வினிகர் விட்டு, நல்ல வெயிலில் உலர்த்துங்கள்.

பீரோவைக் காலி செய்து வினிகர் தண்ணீரில் துடைத்து, கதவு திறந்தபடி ஒரு நாள் காய வையுங்கள். பிறகு தொட்டாங்குச்சிக் கரியைத் துணியில் முடிந்து ஒவ்வொரு தட்டிலும் ஒன்று வையுங்கள். தொட்டாங்குச்சியிலிருந்து செய்த ஆக்டிவேட்டட் கரி கிடைத்தால் அது பல மடங்கு நன்றாக வாடையை இழுக்கும். கரி புடவையில் படாமல் இரட்டைத் துணியாக முடியுங்கள். மாதம் ஒருமுறை மாற்றுங்கள். இந்தக் கரி வைத்தியம் பீரோ, டிரங்குப் பெட்டி போன்ற மூடிய சின்ன இடத்துக்குத்தான். கூடத்தில் நாலு மூலையில் கரி வைத்து ஒன்றும் ஆகாது.

கேள்வி: வினிகருக்குப் பதில் எங்கள் மரத்துப் புளியைக் கரைத்துச் சுவர் துடைக்கலாமா? வினிகரில் கொஞ்சம் பிளீச்சிங் பவுடர் சேர்த்தால் இன்னும் நன்றாகப் போகுமா?
— வாசகி, காவேரிப்பட்டினம்

பதில்: புளியும் புளிப்புதான், ஆனால் சுவரில் பழுப்புக் கறை வைத்துவிடும். எலுமிச்சை உப்பு என்கிற சிட்ரிக் ஆசிட் வாங்கிக் கரைத்துக்கொள்ளுங்கள், வினிகர் வேலையை அது செய்யும். எதுவானாலும் கடப்பாக்கல், மொசைக், மார்பிள் தரையில் சிந்த விடாதீர்கள். புளிப்பு அவற்றை அரித்துவிடும்.

பிளீச்சிங் பவுடரையும் வினிகரையும் எக்காரணம் கொண்டும் கலக்காதீர்கள். ஒன்றை ஊற்றிய இடத்தில் இன்னொன்றையும் ஊற்றாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். மூடிய பாத்ரூமில் அது மூச்சை அடைத்து ஆளையே சாய்த்துவிடும். எலுமிச்சை உப்புக்கும் இதேதான்.

கேள்வி: நான்தான் வீட்டில் சிகரெட் பிடிப்பவன். பாத்ரூமில் எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுத்தான் பிடிக்கிறேன். பிறகு ஏலக்காய் மெல்லுகிறேன். ஆனாலும் மனைவி கண்டுபிடித்துவிடுகிறார், தினமும் சண்டை. வாடை தெரியாமல் இருக்க வழி சொல்லுங்கள்.
— வாசகர், பென்னாகரம்

பதில்: அப்படி ஒரு வழி இல்லை தம்பி. எக்ஸாஸ்ட் ஃபேன் கொஞ்சம் புகையை வெளியே தள்ளும், மிச்சம் கதவிடுக்கு வழியாக வீட்டுக்குள் வரும். பாத்ரூமில் தொங்குகிற ஈரத்துண்டு மீதியைக் குடித்துக்கொள்ளும், அதில்தான் பிள்ளைகள் முகம் துடைப்பார்கள். உங்கள் மனைவி மூக்கில் ஏறுவது எல்லோர் நுரையீரலுக்குள்ளும் போகிறது. மறைக்க நினைக்காதீர்கள். இன்றைக்கிருந்து வீட்டுக்கு வெளியே போய்விடுங்கள், மாடிப்படியிலும் வேண்டாம், தெருவுக்கு.

விட வேண்டும் என்ற எண்ணம் ஒரு ஓரத்திலாவது இருப்பதால்தான் எனக்கு எழுதியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். 1800 11 2356 என்ற எண் இருக்கும், 2018 செப்டம்பரிலிருந்து அதை அச்சிடுகிறார்கள். கட்டணம் கிடையாது. எப்போது பிடிக்கத் தோன்றுகிறது, அந்த நேரத்தை எப்படித் தாண்டுவது என்று கேட்டு வழி சொல்வார்கள்.

என் வீட்டுக்காரர் 2009-இல் விட்டார், அது மூன்றாவது முயற்சி. முதல் இரண்டும் ஒரு வாரம் தாண்டவில்லை. மூன்றாவது தடவை சட்டைப் பையில் சிகரெட் இருந்த இடத்தில் பொட்டுக்கடலைப் பொட்டலம் வைத்துக்கொண்டார். ஆசை எழும்பினால் ஐந்து பத்து நிமிடம்தான் உச்சத்தில் நிற்கும், அந்த நேரத்துக்குக் கடலையும் ஒரு சுற்று நடையும். லாட்ஜைச் சுற்றி அவர் நடப்பதை வைத்தே இது எத்தனையாவது தடவை என்று எண்ணிவிடுவேன்.

அந்த மார்கழியில் குளிருக்கு ஸ்வெட்டர் வேண்டுமென்று பரணிலிருந்து பெட்டியை இறக்கினார். எடுத்துத் தலையில் மாட்டப் போனவர் பாதியில் நிறுத்தி, மூக்கில் வைத்துப் பார்த்தார். விட்ட சில வாரங்களிலேயே மோப்பம் திரும்பிவிடும் தம்பி. "இந்த நாத்தத்தோடயா இத்தனை வருசம் உன் பக்கத்துல படுத்திருந்தேன்?" என்று கேட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரே பக்கெட்டை எடுத்து, வினிகர் விட்டு, இரண்டு தடவை அலசி, மொட்டைமாடியில் காயப் போட்டுவிட்டு வந்தார்.